ஆய்வுக் கட்டுரை எண்ணிக்கையில் இந்தியா மூன்றாமிடம்: இதை எப்படிப் பார்ப்பது?

பொருநை (இழையைத் தொடங்கியவர்)

"ஆராய்ச்சியில் இந்தியா உலகிலேயே மூன்றாமிடம்" என்று இப்போது எந்தக் கல்லூரி மேடையிலும் கேட்கிறது. எண் சரியான எண்தான். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை வெளியிட்ட கணக்குப்படி 2022ல் உலகம் முழுக்க வந்த அறிவியல், பொறியியல் கட்டுரைகள் சுமார் 33 லட்சம். அதில் சீனா கிட்டத்தட்ட 9 லட்சம், அமெரிக்கா 4.57 லட்சம், இந்தியா 2.07 லட்சம். ஜெர்மனி, பிரிட்டன், ஜப்பான் மூன்றும் ஒரு லட்சத்தைக் கொஞ்சம் தாண்டி நிற்கின்றன. 2010ல் நாம் 60 ஆயிரத்துச் சொச்சம் கட்டுரைகளோடு ஏழாமிடத்தில் இருந்தோம்.

சரி, அப்படியென்றால் ஜப்பானைப் போல இரண்டு மடங்கு அறிவியல் நம் நாட்டில் நடக்கிறதா? எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆய்வுக்குப் போன என் மாணவர்கள் படும் பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். நாடுகளை ஒப்பிட வேண்டுமானால் ஓர் ஆய்வாளரின் கைக்கு என்ன வந்து சேர்கிறது என்பதை வைத்து ஒப்பிட வேண்டும். பணம், கருவி, நேரம். இந்த மூன்றிலும் நாம் எங்கே நிற்கிறோம்? துறையில் இருப்பவர்கள் எழுதுங்கள்.

---

சிறுவாணி

சார், பன்னிரண்டு ஆண்டில் மூன்று மடங்குக்கு மேல் வளர்ந்திருக்கிறோம். அதை ஒரு வரியில் ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

எண்ணிக்கையை விடுங்கள், வேலையைப் பாருங்கள். புனேக்கு வடக்கே கோடத் கிராமத்தில் 45 மீட்டர் அகல டிஷ்கள் 30 இருக்கின்றன. அந்த ரேடியோ தொலைநோக்கியில், சீராகத் துடிக்கும் விண்மீன்களான பல்சார்களை வருடக்கணக்காக அளந்த இந்தியக் குழு, ஐரோப்பியக் குழுவோடு சேர்ந்து 2023 ஜூனில் மிகக் குறைந்த அதிர்வெண் ஈர்ப்பலைகளுக்கான சான்றை வெளியிட்டது. சந்திரயான் 3ன் பிரக்யான் ரோவர் நிலவின் தென்துருவப் பக்கத்து மண்ணை அளந்தது. அந்த முடிவுகள் 2024 ஆகஸ்டில் நேச்சர் ஜர்னலில் வந்தன. இளம் நிலவின் மேற்பரப்பு முழுக்க உருகிய பாறைக் கடலாக இருந்தது என்ற கருத்துக்கு அது வலு சேர்த்தது. இதையெல்லாம் செய்யும் நாட்டை வெறும் பேப்பர் தொழிற்சாலை என்று சொல்லிவிட முடியாது.

---

கல்லணை

நான் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு கட்டுரையை மற்றக் கட்டுரைகள் எத்தனை முறை சுட்டுகின்றன என்ற மேற்கோள் கணக்குகளோடு தினமும் புழங்குகிறவன் என்பதால், எண்ணும் முறையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல் தரவரிசையைப் பேசினால் எங்கேயும் போய்ச் சேர மாட்டோம்.

ஒரு கட்டுரையில் பல நாட்டவர் இருந்தால் அது யார் கணக்கில் சேரும்? ஒரு முறையில் எல்லா நாட்டுக்கும் ஆளுக்கு ஒன்று என்று முழுதாகச் சேரும். இன்னொரு முறையில் பங்கு பிரித்துச் சேரும். வித்தியாசம் சின்னதாகத் தோன்றலாம். 2015ல் ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்திலிருந்து வந்த கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 33 பக்கம். அறிவியல் 9 பக்கம், மீதி 24 பக்கமும் ஆசிரியர்கள், அவர்களுடைய நிறுவனங்கள் பட்டியல். ஆசிரியர்கள் 5,154 பேர். அதில் நம் நாட்டு நிறுவனங்களும் உண்டு. முழுதாக எண்ணினால் இந்தியாவுக்கு ஒரு கட்டுரை. பிரித்து எண்ணினால் அதில் சிறு துணுக்கு. ஆனால் மேற்கோளைப் பொறுத்தவரை முழு எண்ணிக்கையில் அந்தக் கட்டுரைக்கு வரும் எல்லா மேற்கோளும் நம் பெயரில் ஏறிவிடும். சிறிய நாடுகள் சில திடீரென்று மேற்கோள் பட்டியலில் மேலே வந்து நிற்பதற்கு இப்படிப்பட்ட பெருங்கூட்டுக் கட்டுரைகள் முக்கியமான காரணம்.

பொருநை சார் சொன்ன 2.07 லட்சம் பங்கு பிரித்து எண்ணிய எண். அதனால் அந்த வகையில் அது ஊதிய எண் இல்லை.

அடுத்தது, எந்த ஜர்னலை எண்ணுகிறோம் என்பது. நேச்சர் இன்டெக்ஸ் நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட பொறுக்கி எடுத்த ஜர்னல்களை மட்டும் எண்ணும். அந்த வடிகட்டியில் போட்டால் 2024 பட்டியலில் நாம் ஒன்பதாமிடம். மூன்று ஒன்பதாகிறது. ஜப்பான் அங்கே நமக்கு மேலே ஐந்தாமிடத்தில். நடுத்தரத்திலும் அதற்குக் கீழேயும் நாம் நிறைய எழுதுகிறோம், உச்சியில் குறைவாக எழுதுகிறோம் என்பதைத்தான் இந்த இரண்டு எண்ணும் சேர்ந்து சொல்கின்றன.

---

ஹான்நதி

கொரியாவில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு (போஸ்ட்டாக்) செய்கிறேன், பேட்டரிப் பொருள்கள். பணக் கணக்கை நான் எழுதுகிறேன்.

ஆய்வுக்கும் வளர்ச்சிக்கும் இந்தியா செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். 2020-21 கணக்கு, ரூபாயில் சுமார் 1.27 லட்சம் கோடி. அதே ஆண்டு, அதே அளவுகோலில் சீனா 2.4, அமெரிக்கா 3.5ஐ ஒட்டி, தென்கொரியா 5ஐ ஒட்டி, இஸ்ரேல் அதற்கும் மேலே. நம் 1.27 லட்சம் கோடியை அப்போதைய மதிப்பில் டாலராக்கினால் சுமார் 1,700 கோடி டாலர். சாம்சங் எலக்ட்ரானிக்ஸ் என்ற ஒரே கம்பெனி 2023ல் ஆய்வுக்குச் செலவிட்டது 28 டிரில்லியன் வானுக்கு மேல், அதாவது 2,100 கோடி டாலருக்கு மேல். இஸ்ரோ, அணுசக்தித் துறை, டிஆர்டிஓ, சிஎஸ்ஐஆர், வேளாண் ஆய்வு நிறுவனங்கள், ஐஐடிகள், தனியார் மருந்துக் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்த தொகையை ஒரு கம்பெனி தாண்டிவிடுகிறது.

ஆள் கணக்கைப் பாருங்கள். நம் நாட்டில் பத்து லட்சம் பேருக்கு 262 ஆய்வாளர்கள். 140 கோடிக்குப் பெருக்கினால் மூன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். ஐந்து கோடிச் சொச்சம் மக்கள் உள்ள கொரியாவில் நான்கு லட்சத்தையும் தாண்டி இருக்கிறார்கள். ஆனால் கொரியாவின் கட்டுரை எண்ணிக்கை நம்முடையதில் பாதிகூட வராது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கொரிய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கம்பெனிகளில் இருக்கிறார்கள். அவர்கள் வேலை பேட்டரியாகவும் சிப்பாகவும் கப்பலாகவும் வெளியே வருகிறது, கட்டுரையாக வருவது குறைவு. நம் நாட்டில் ஆய்வுச் செலவில் தனியாரின் பங்கு 36 சதவீதம்தான். கொரியா, சீனா, அமெரிக்கா எல்லாவற்றிலும் அது 70ஐத் தாண்டும். அதனால் நம் ஆய்வுக்கு வெளிவரும் வாசல் கட்டுரை ஒன்றுதான்.

---

சிறுவாணி

ஹான்நதி தம்பி, டாலரில் மாற்றி ஒப்பிடுவது நியாயம் இல்லையே. ஆண்டும் வேறு வேறு. கொரியாவில் ஒரு போஸ்ட்டாக்குக்குக் கொடுக்கும் சம்பளத்தில் இங்கே மூன்று பேரை வைக்கலாம். வாங்கும் திறனில் கணக்கிட்டால் நம் செலவு மூன்று மடங்குக்கு மேல் ஆகும். சந்திரயான் 3 சுமார் 615 கோடி ரூபாயில் முடிந்தது. வேறு எந்த நாட்டில் அது நடக்கும்?

---

ஹான்நதி

அண்ணா, சம்பளத்துக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். கருவிக்குப் பொருந்தாது. எலக்ட்ரான் நுண்ணோக்கி ஜப்பானிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ வருகிறது, மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் கருவி ஜெர்மனியிலிருந்து வருகிறது. விலை டாலரில், யூரோவில். அவர்கள் நமக்காக வாங்கும் திறன் பார்த்து விலை போடுவதில்லை. கெமிக்கலும் அப்படித்தான், உதிரிபாகமும் அப்படித்தான். அதன் மேல் நம் வரி வேறு. பொது ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் கருவிகளுக்கு 5 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2022 ஜூலையிலிருந்து 18 வரை ஏறியது. 2024 பட்ஜெட்டில் ஆய்வக ரசாயனங்களுக்கான சுங்கவரியை 10லிருந்து 150 சதவீதமாக்கி, நாடு முழுக்க எதிர்ப்பு வந்ததும் சில நாளிலேயே திரும்பப் பெற்றார்கள். இஸ்ரோ விலை குறைவாகச் செய்வதற்குப் பெரிய காரணம், பெரும்பாலானதை உள்நாட்டிலேயே செய்துகொள்வது. ஒரு மாநிலப் பல்கலைக்கழக வேதியியல் துறைக்கு அந்த வழி இல்லை.

---

தேரிக்காடு

நான் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வு மாணவி. பெயர் வேண்டாம். கருவி பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

நான் செய்வது நானோ துகள்கள். ஒரு சாம்பிள் தயாரித்தால் அதை எக்ஸ்ஆர்டியில் போட்டுப் பார்க்க வேண்டும், படிகம் சரியாக வந்திருக்கிறதா என்று. நல்ல ஆய்வகத்தில் காலையில் செய்த சாம்பிளைச் சாயங்காலம் பார்த்துவிடுவார்கள். சரியில்லை என்றால் மறுநாள் வெப்பநிலையை மாற்றி மறுபடி செய்வார்கள். எங்கள் துறையில் எக்ஸ்ஆர்டி இருக்கிறது. அதன் எக்ஸ்ரே டியூப் போய்விட்டது. மாற்று டியூபுக்கு மூன்று கொட்டேஷன், கமிட்டி, நிதி ஒப்புதல் என்று கோப்பு நகர்ந்துகொண்டே இருக்கிறது. பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு எந்தப் புராஜெக்டிலும் பணம் கிடையாது, கருவி வாங்க மட்டும்தான் கொடுப்பார்கள்.

அதனால் என்ன செய்கிறோம்? சின்னச் சின்ன குப்பிகளில் சாம்பிளைப் போட்டு, பாராஃபிலிம் சுற்றி, எண் எழுதி, சென்னை ஐஐடியில் உள்ள பொதுக் கருவி மையம் போன்ற இடங்களுக்கு அனுப்புகிறோம். சாம்பிளுக்கு இவ்வளவு என்று கட்டணம். வரிசையில் நம் முறை வந்து, முடிவு மெயிலில் வர வாரக்கணக்கில் ஆகும். கட்டணம் மாணவர் கையிலிருந்து போவதும் உண்டு. அதனால் பத்து சாம்பிள் செய்தால் இரண்டைத்தான் அனுப்ப முடிகிறது. எந்த இரண்டு என்பதைக் கண்ணால் பார்த்து, நிறத்தை வைத்து ஊகிக்கிறோம். மீதி எட்டில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. என்னைப் பொறுத்தவரை உச்சி ஜர்னலுக்கும் எங்களுக்கும் இடையில் இருக்கும் தூரம் அந்த எட்டுக் குப்பிகள்தான். ஜர்னலுக்காகக் கட்டுரையைச் சரிபார்க்கும் விமர்சகர் கேட்கும் கூடுதல் அளவீட்டைச் செய்ய வழி இல்லாததால், அது கேட்காத ஜர்னலுக்கு அனுப்பிவிடுகிறோம்.

மாத உதவித்தொகையான ஃபெல்லோஷிப் 2023 ஜனவரியிலிருந்து இளநிலை ஆய்வு மாணவருக்கு (ஜேஆர்எஃப்) 31 ஆயிரத்திலிருந்து 37 ஆயிரமானது. தொகை பரவாயில்லை. மாதா மாதம் வந்தால் போதும். பல மாதம் வராமல் இருந்து மொத்தமாக வரும். விடுதிக் கட்டணம் மட்டும் மாதா மாதம் கேட்பார்கள்.

---

பொருநை

தேரிக்காடு, இதை எழுதியதற்கு நன்றி அம்மா. நான் இழை தொடங்கியது இந்த மாதிரி விவரங்களுக்காகத்தான்.

கல்லணை சார், இவ்வளவு சிரமத்திலும் எண்ணிக்கை மட்டும் எப்படி மூன்று மடங்கு ஏறியது? அதை நூலகத்தில் இருந்து நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

---

கல்லணை

பார்த்தேன் சார். விதிகள் ஏற்றின.

2009ல் பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி), ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளியிட்டிருக்க வேண்டும் என்று விதி போட்டது. 2010ல் ஆசிரியர் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் ஏபிஐ புள்ளிகள் வந்தன. கட்டுரைக்கு இவ்வளவு புள்ளி. 2016லிருந்து கல்வி நிறுவனங்களுக்கான மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசை, அதிலும் கட்டுரைக்கும் மேற்கோளுக்கும் மதிப்பெண். ஆய்வு வசதியே இல்லாத கல்லூரியில் வாரம் பதினாறு மணி நேரம் வகுப்பெடுக்கும் ஆசிரியரும், பதவி உயர்வு வேண்டுமானால் கட்டுரை காட்ட வேண்டும். அவர் எங்கே போவார்? பணம் வாங்கிக்கொண்டு இரண்டு நாளில் போட்டுத்தரும் ஜர்னல்கள் அவருக்காகவே முளைத்தன. 2015ல் பின்லாந்தைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட ஜர்னல்களை எண்ணிப் பார்த்தார்கள். 2014ல் மட்டும் உலகில் சுமார் 4.2 லட்சம் கட்டுரைகள் அவற்றில் வந்திருந்தன. எழுதியவர்களில் மூன்றில் ஒருவர் இந்தியர்.

அப்புறம் ஸ்கோபஸ் என்ற கட்டுரைத் தரவுத்தளத்தின் பட்டியலில் உள்ள ஜர்னல்தான் செல்லும் என்று ஆனது. சரி, ஸ்கோபஸிலேயே ஏறிய மோசமான ஜர்னல்கள் வந்தன. ஆசிரியர் இடத்தை விற்கும் விளம்பரங்கள் வாட்ஸப்பில் ஓடுகின்றன, முதல் ஆசிரியருக்கு ஒரு விலை, மூன்றாவதற்கு ஒரு விலை. 2023ல் உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கு மேல் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அதில் எட்டாயிரத்துக்கு மேல் ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தில். நம் நாட்டுப் பெயர்கள் அதில் நிறைய.

கட்டாயக் கட்டுரை விதியை 2022 நவம்பரில் யூஜிசி நீக்கியது. ஆனால் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் அதை இன்னும் வைத்திருக்கின்றன. திரும்பப் பெற்ற கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைப்பது என்று என்ஐஆர்எஃப்பும் இப்போது இறங்கியிருக்கிறது. இது நல்ல விஷயம். நிர்வாகத்துக்கு இப்போதுதான் கொஞ்சம் பயம் வந்திருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன்.

---

முத்துநகர்

சீனாவும் இதே வழியில்தான் வந்தது. பெரிய ஜர்னலில் கட்டுரை வந்தால் ரொக்கப் பரிசு கொடுத்தார்கள். போலிக் கட்டுரை ஆலைகள் அங்கேயும் பெருகின. 2016ல் எண்ணிக்கையில் அமெரிக்காவைத் தாண்டினார்கள், 2020ல் கட்டுரைக்கு ரொக்கம் கொடுப்பதைத் தடை செய்தார்கள், இன்று நேச்சர் இன்டெக்ஸிலும் முதலிடம். முதலில் எண்ணிக்கை, அப்புறம் தரம். நாமும் அந்தப் பாதையில் பாதி தூரத்தில் இருக்கிறோம் என்று ஏன் எடுத்துக்கொள்ளக்கூடாது?

---

ஹான்நதி

முத்துநகர், பாதை ஒன்றாக இருந்தால் நானும் ஒப்புக்கொள்வேன். 2000ல் சீனா செலவிட்டது 0.9 சதவீதம். கிட்டத்தட்ட நம் அளவுதான். அவர்கள் கட்டுரையும் ஏறியது, பணமும் ஏறியது, இன்று 2.6ஐத் தாண்டிவிட்டார்கள். நம் கட்டுரை ஏறியது, சதவீதம் 0.8ஐ ஒட்டி இருந்ததிலிருந்து 0.64க்கு இறங்கியது. ரூபாயில் கூடியிருக்கிறது, உண்மை. பொருளாதாரம் அதைவிட வேகமாக வளர்ந்துவிட்டது.

பணத்தை இறுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பான் இருக்கிறது. 2004ல் தேசியப் பல்கலைக்கழகங்களைத் தனி அமைப்புகளாக்கி, அடிப்படை மானியத்தை ஆண்டுக்குச் சுமார் ஒரு சதவீதம் என்று பல வருடம் குறைத்தார்கள். இளம் ஆய்வாளர்களுக்கு நிரந்தர வேலை போய்ச் சில ஆண்டு ஒப்பந்தம் வந்தது. முனைவர் பட்டத்துக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். அதிகம் மேற்கோள் பெறும் உச்சிப் பத்து சதவீதக் கட்டுரைகளில் 2000ஐ ஒட்டி உலகில் நான்காமிடத்தில் இருந்த நாடு, 2023ல் அவர்கள் அரசே வெளியிட்ட அறிக்கையில் பதின்மூன்றாமிடம். ஈரானுக்கு அடுத்தது. மொத்தச் செலவு 3 சதவீதத்துக்கு மேல் இருந்தும் இந்த நிலை, ஏனென்றால் குறைந்தது பல்கலைக்கழகத்தின் அன்றாடப் பணம்.

---

சிறுவாணி

இப்போது நடப்பதையும் சொல்ல வேண்டும். அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளைக்கு 2023ல் சட்டம் வந்தது, ஐந்து ஆண்டில் 50,000 கோடி. ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ஒதுக்கி, 2025 ஜனவரியிலிருந்து 13,000 ஜர்னல்களை 6,300 அரசு நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். 2025 ஜூனில் கொள்முதல் விதிகளையும் தளர்த்தினார்கள். கொட்டேஷன் இல்லாமல் வாங்கும் வரம்பு ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமானது, அரசுக் கொள்முதலுக்கான ஜெம் போர்ட்டலுக்கு வெளியே வாங்க இயக்குநரே அனுமதி தரலாம்.

---

தேரிக்காடு

ஜர்னல் விஷயம் நிஜமாகவே பெரிய மாற்றம் அண்ணா. முன்பெல்லாம் ஒரு கட்டுரை வேண்டுமென்றால் வெளிநாட்டில் இருக்கும் சீனியருக்கு மெசேஜ் அனுப்பிக் காத்திருப்போம். இப்போது துறைக் கணினியிலேயே திறக்கிறது. கொள்முதல் தளர்வு எங்கள் கோப்பு வரை இன்னும் வந்து சேரவில்லை.

---

கல்லணை

அந்த 50,000 கோடியில் 36,000 கோடி அரசுக்கு வெளியே இருந்து வர வேண்டிய தொகை. கம்பெனிகளும் கொடையாளர்களும் கொடுத்தால்தான் உண்டு. தனியார் பங்கு 36 சதவீதம் என்று ஹான்நதி எழுதியதை இதோடு சேர்த்துப் படியுங்கள். என் கவலை அங்கேதான்.

---

பொருநை

மாநிலப் பல்கலைக்கழகத்தில் உலகத்தர ஆய்வு நடக்காது என்று யாராவது முடிவுகட்டுவதற்குள் ஒன்று சொல்கிறேன். 1952ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவராக ஜி. என். ராமச்சந்திரன் வந்தபோது அவருக்கு வயது முப்பதுதான். முதலில் கேட்கப்பட்டவர் சி. வி. ராமன். அவர் தன் மாணவரைக் கைகாட்டினார். துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் அந்த முப்பது வயதுக்காரரை நம்பித் துறையைக் கொடுத்தார், எக்ஸ்ரே ஆய்வகம் அமைக்க வழிசெய்தார். தோலிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடிக்க அவர்கள் எடுத்துக்கொண்ட மாதிரிகளில் ஆஸ்திரேலியக் கங்காருவின் வால் தசைநாரும் உண்டு. 1954ல் கோபிநாத் கர்த்தாவோடு நேச்சரில் எழுதினார். 1963ல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடு அவர் வெளியிட்ட, புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்கலாம் என்று காட்டும் வரைபடம் இன்றும் உலகில் எந்தப் புரதக் கட்டமைப்பை வெளியிட்டாலும் சரிபார்க்கப் பயன்படுகிறது. ஏபிஐ புள்ளியோ ஸ்கோபஸ் பட்டியலோ எதற்கும் அவர்களிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை. கருவி இருந்தது, நேரம் இருந்தது, மேலே இருப்பவர் நம்பினார். அன்றைய மெட்ராஸில் கிடைத்தது இன்று தேரிக்காடு போன்றவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

---

இளவேனில்98

எல்லோருக்கும் வணக்கம். எம்எஸ்சி வேதியியல் முடிக்கப்போகிறேன், நெட் பாஸ். பிஎச்டி சேரலாமா என்ற குழப்பத்தில் இந்த இழையை முழுக்கப் படித்தேன். இன்னும் குழப்பம் கூடிவிட்டது. எதைப் பார்த்து இடம் தேர்ந்தெடுப்பது? என்ஐஆர்எஃப் ரேங்க் போதாதா?

---

கல்லணை

ரேங்க் நிறுவனத்துக்கு. நீங்கள் சேர்வது ஒரு ஆய்வகத்தில். கைடின் பெயரை கூகுள் ஸ்காலரில் போடுங்கள். ஒரே ஆண்டில் ஐம்பது, அறுபது கட்டுரை இருந்தால் யோசியுங்கள். திரும்பப் பெற்ற கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளம் இலவசமாகக் கிடைக்கிறது, அதிலும் தேடுங்கள். மாணவர் முதல் ஆசிரியராக இருக்கும் கட்டுரைகள் எத்தனை என்று பாருங்கள்.

---

தேரிக்காடு

இளவேனில், சேருவதற்கு முன் ஒருநாள் நேரில் போங்க. கைடைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் அங்கே மூன்றாம் வருடம் இருக்கும் ஸ்காலரைத் தனியாகக் கூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போங்க. இரண்டு கேள்வி கேட்டால் போதும்: கடைசியாக ஃபெல்லோஷிப் எந்த மாதம் வந்தது, உங்கள் சாம்பிளை எங்கே அளக்கிறீர்கள். எங்கள் ஊர்ப் பக்கம் என்றால் எனக்குத் தனிமடல் போடுங்க, எந்தத் துறையில் எந்தக் கருவி இப்போது ஓடுகிறது என்று சொல்கிறேன்.